ஒரு நாள் ஜூஸ் கிளென்ஸ்: உடலுக்குள் நடப்பதும் வீட்டில் செய்யும் முறையும்

சோறு, டிபன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை பழச்சாறும் காய்கறிச் சாறும் மட்டுமே குடித்து இருப்பதை ஜூஸ் கிளென்ஸ் என்கிறார்கள். டீடாக்ஸ் டயட் என்ற பெயரிலும் இதுவே வழங்குகிறது. பெருநகரங்களில் நாளொன்றுக்கு இத்தனை பாட்டில் என்று கணக்கிட்டு, கோல்டு பிரஸ் முறையில் (சூடேறாமல் மெதுவாக அழுத்தி) பிழிந்த சாற்றை வீட்டுக்கே அனுப்பிவைக்கும் கடைகள் இருக்கின்றன. அந்த விலையைக் கொடுக்க மனம் வராதவர்கள் வீட்டு மிக்ஸியிலேயே முயன்று பார்க்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்காக, அதிலும் முதன்முறையாக முயல்பவர்களுக்காக எழுதப்படுகிறது.

வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது நமக்குப் புதிய பழக்கமன்று. ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் பாலும் பழமும் மட்டும் உண்டு விரதம் இருப்பவர்கள் பல வீடுகளில் உண்டு; காலை நடைக்கு வருவோருக்குப் பூங்கா வாசலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்கப்படுவதும் பழகிய காட்சிதான். ஜூஸ் கிளென்ஸுடன் புதிதாக வந்து சேர்ந்திருப்பது ஒரு வாக்குறுதி: உடலில் தேங்கிக் கிடக்கும் நச்சுகளைச் சாறு கழுவி வெளியேற்றிவிடும் என்பது. அமெரிக்காவில் ஸ்டான்லி பர்ரோஸ் என்பவர் 1940களில் எலுமிச்சைச் சாறு, மேப்பிள் பாகு, மிளகாய்த்தூள், தண்ணீர் ஆகியவற்றை மட்டும் கொண்டு வகுத்த உணவுமுறையிலேயே இந்த வாக்குறுதி இருந்தது. பின்னர் சாறுகள் மாறின, பாட்டில்கள் அழகாயின, வாக்குறுதி மட்டும் அப்படியே தொடர்ந்து வருகிறது. ஆகவே முதலில் அதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

நச்சை நீக்கும் வேலையை உடல் யாரும் கேட்காமலே இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், நாம் உண்ட மாத்திரையையும் மதுவையும், புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவையும் வேறு வேதிப்பொருள்களாக மாற்றி, நீரில் கரைந்து வெளியேறும் நிலைக்குக் கொண்டுவருகிறது. அம்மோனியா யூரியாவாவது இப்படித்தான். சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, எஞ்சிய ஒன்று அல்லது இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. குடலின் உட்சுவரோ சில நாள்களுக்கு ஒருமுறை தன் மேல் செல்களை உதிர்த்துவிட்டுப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அதில் ஒட்டிக்கிடப்பதாக விளம்பரங்கள் அச்சுறுத்தும் கழிவு அங்கே கிடையாது.

இந்த வேலையில் சாற்றுக்கு என்ன பங்கு இருக்கிறது என்று பார்த்தால், தண்ணீருக்கு உள்ள பங்கைவிடப் பெரிதாக எதுவும் தென்படவில்லை. சொல்லப்போனால் ஒரு முரண்பாடுகூட இருக்கிறது. கல்லீரல் சில நச்சுகளைச் செயலிழக்கச் செய்யப் பயன்படுத்தும் குளூட்டாதையோன் என்ற பொருள் மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து உருவாவது. அமினோ அமிலங்கள் புரதத்திலிருந்து வருபவை. பழச்சாற்றில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம்கூட இருப்பதில்லை. ஒரு நாளில் இதனால் கேடு எதுவும் வந்துவிடாது என்றாலும், கல்லீரலுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு அதற்குத் தேவையான மூலப்பொருளையே நிறுத்திவைக்கும் முறையை நச்சுநீக்கம் என்று அழைப்பது பொருத்தமாக இல்லை. டீடாக்ஸ் உணவுமுறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2015இல் வெளியான ஒரு கட்டுரையும், அவை நச்சை நீக்குகின்றன என்பதைத் தகுந்த ஒப்பீட்டுச் சோதனைகள் எவையும் நிறுவவில்லை என்றே கூறியது.

அப்படியானால் அந்த ஒரு நாளில் உடலுக்குள் நடப்பதுதான் என்ன? சர்க்கரை கலந்த ஓர் அரைப் பட்டினி நடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் அனுபவங்கள் அனைத்துக்கும் காரணம் தெரிந்துவிடும். 200 மில்லி டம்ளரில் ஆறு முறை பழச்சாறு குடித்தால் சுமார் 500 முதல் 600 கலோரி வரை கிடைக்கும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளுக்கென வகுத்துக் காட்டும் மாதிரி உணவுத்தட்டு 2000 கலோரிக்கானது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் முதலில் கை வைப்பது கிளைகோஜன் என்ற சேமிப்பில். கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் இந்த மாவுப்பொருள், ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னுடன் பிடித்துவைத்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. உப்பில்லாத உணவால் உடலில் நிற்கும் நீரும் குறைகிறது. சக்கையே உள்ளே போகாததால் குடலிலும் எதுவும் நிற்பதில்லை. மறுநாள் காலை எடை பார்க்கும் இயந்திரம் ஒரு கிலோ குறைத்துக் காட்டினால், அதில் பெரும்பகுதி இந்த மூன்றின் கணக்கு. கொழுப்பு கரைந்தது அதில் மிகச் சிறிய பங்குதான்.

அன்று பிற்பகல் பலருக்குத் தலைவலி வருகிறது. நச்சு வெளியேறுவதன் அறிகுறி இது என்று சொல்லித் தேற்றுபவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர் அதைத் திடீரென்று நிறுத்தினால், பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்குவது காஃபீன் பழக்கத்தின் இயல்பு. அதற்குச் சாற்றையும் நச்சையும் துணைக்கு அழைக்க வேண்டிய தேவையில்லை. அதுபோலவே வயிறு இளகிப் போவதையும் சுத்தமாவதாக எண்ணி மகிழ்கிறார்கள். ஆப்பிள், பேரிக்காய் போன்றவற்றில் உள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும், அளவுக்கு மிஞ்சிய ஃப்ரக்டோஸும் குடலுக்குள் நீரை இழுப்பதால் உண்டாகும் வயிற்றுப்போக்கு அது. எரிச்சல், கைநடுக்கம், குளிர், கவனக்குறைவு ஆகியவை பசியின் குழந்தைகள்.

இப்போது சர்க்கரைக்கு வருவோம், ஏனெனில் சாறு பற்றிய பேச்சில் அதிகம் மறைக்கப்படுவது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டற்ற சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம். ஐந்து சதவீதத்துக்குள், அதாவது 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதே பழத்தைப் பிழிந்து சாறாக்கியதும், வெளியிலிருந்து ஒரு துளி சீனிகூடச் சேர்க்காவிட்டாலும், அந்தச் சர்க்கரை கணக்கில் வந்துவிடுகிறது. இதில் முறைகேடு எதுவும் இல்லை. ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றுக்கு மூன்று நான்கு பழங்கள் தேவைப்படும். மூன்று நான்கு சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாக ஒரே மூச்சில் தின்பவர் அரிது. நாரும் சதையும் சேர்ந்து வயிற்றை நிரப்பி, சர்க்கரையை மெதுவாக இரத்தத்தில் இறங்கச் செய்யும். அந்த இரண்டையும் வடிகட்டியில் விட்டுவிட்டு, எஞ்சிய இனிப்பை இரண்டு நிமிடத்தில் குடித்து முடிக்கிறோம். 200 மில்லி சாத்துக்குடி அல்லது ஆரஞ்சுச் சாற்றில் 16 முதல் 20 கிராம் வரை சர்க்கரை இருக்கும் என்று கொண்டால், ஆறு டம்ளரில் அது 100 கிராமை நெருங்கும், அல்லது தாண்டிவிடும். திராட்சையும் மாதுளையும் இதைவிட இனிப்பானவை.

ஆகவே சாறு விரதம் எல்லாருக்கும் ஏற்றதல்ல என்பதை எச்சரிக்கையாக ஓரத்தில் எழுதாமல், முறையைச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இரு பக்கமும் ஆபத்து: சாறு குடித்ததும் சர்க்கரை ஏறும், உணவில்லாத இடைவேளையில் மருந்தின் வேகத்தில் அபாயகரமாக இறங்கும். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவு பெற்ற நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்களும் அவர்களுள் உண்டு என்பதால், நாற்பதைக் கடந்தவர்கள் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட பிறகே இதைப்பற்றி யோசிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர், ஆரஞ்சு, தக்காளி ஆகியவற்றில் நிறைந்துள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு என்றே கொள்ள வேண்டும். பசலை போன்ற கீரைகளையும் பீட்ரூட்டையும் பச்சையாக அரைத்துத் தொடர்ந்து நாள்தோறும் குடித்தவர்களுக்கு, அவற்றில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து சேதம் விளைவித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கல் பிரச்சினை உள்ளவர்கள் அந்தச் சாறுகளின் பக்கமே போகாதிருப்பது நல்லது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களின் மருந்தளவைக் கீரையில் உள்ள வைட்டமின் கே குலைத்துவிடும். பீட்ரூட் சாறு இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் தன்மையுடையது. ஏற்கெனவே அதற்கு மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் அதைக் குடித்துவிட்டு எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உடல் மெலிந்த முதியோர், வயிற்றுப்புண் உள்ளவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் அல்லது உண்டபின் குற்றவுணர்வு கொள்ளும் மனநிலையில் இருப்பவர்கள் ஆகியோர் இதைத் தவிர்க்க வேண்டும்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத, உடல்நலமுள்ள ஒருவர் பண்டிகை விருந்துகளுக்குப் பின் ஒரு நாள் இலேசாக இருந்து பார்க்க விரும்பினால், அதில் தடை சொல்ல எதுவும் இல்லை. ஒரு நாள் போதும். மூன்று நாள், ஏழு நாள் என்று நீட்டுவதற்கு வீட்டில் எந்தக் காரணமும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். சாற்றை மட்டும் நம்பி நாள்களைக் கடத்தினால், அந்தக் குறையைத் தசையிலிருந்து எடுத்து உடல் ஈடுகட்டத் தொடங்கும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 2025இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூன்று நாள் சாறு மட்டுமே குடித்தவர்களின் வாயிலும் குடலிலும் அழற்சியோடு தொடர்புடைய நுண்ணுயிரிகள் பெருகியதும், முழுத் தாவர உணவு உண்டவர்களிடம் நல்ல மாற்றங்கள் தென்பட்டதும் பதிவாயின. அதில் பங்கேற்றவர்கள் 14 பேர் மட்டுமே என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆனாலும் நார் போய்விட்டால் எஞ்சும் சர்க்கரை யாருக்கு உணவாகிறது என்பதை யோசிக்க வைக்கிறது.

வேலை குறைவான, வெயிலில் அலைய வேண்டியிராத ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வண்டியில் நெடுந்தூரம் போக வேண்டிய நாளும் உடற்பயிற்சிக்கூடம் செல்லும் நாளும் வேண்டாம். முந்தைய சில நாள்களிலேயே காபியைப் பாதி பாதியாகக் குறைத்துவருவது அல்லது அன்று காலை ஒரு சிறு டம்ளர் குடித்துவிடுவது தலைவலியைத் தவிர்க்கும். விதியை மீறியதாக எவரும் வந்து தண்டிக்கப் போவதில்லை.

சாற்றில் காய்கறி இரண்டு பங்கும் பழம் ஒரு பங்கும் இருப்பது பொதுவான அளவு. காலையில் வெள்ளரிக்காயும் கேரட்டும் ஒரு துண்டு இஞ்சியும் எலுமிச்சையும். நண்பகலில் வெண்பூசணியும் தக்காளியும் உப்பும் மிளகும். மாலையில் இளநீர் அல்லது சுளையோடு அரைத்த சாத்துக்குடி. இரவில் வடிகட்டாத காய்கறி சூப் என்று அமைத்துக்கொள்ளலாம். இடையில் இரண்டு முறை நீர்மோர் குடிக்குமாறு நான் பரிந்துரைப்பேன். மோர் சாறு ஆகாது என்று தூய்மைவாதிகள் ஆட்சேபிக்கக்கூடும்; ஆனால் உப்பும் சிறிது புரதமும் உள்ளே போனால் மயக்கமும் எரிச்சலும் கணிசமாகக் குறையும். தாகத்துக்குத் தண்ணீர் வழக்கம்போல் குடிக்கலாம், லிட்டர் கணக்கு வைத்துத் திணிக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது வடிகட்டியை அலமாரியிலேயே விட்டுவிடுவது. மிக்ஸியில் அரைத்ததைச் சற்றுத் தண்ணீர் விட்டு அப்படியே குடித்தால் நார் உடைந்த நிலையிலாவது உள்ளே போகும், பசியும் தாங்கும். வடிகட்டித்தான் தீர வேண்டும் என்றால் கேரட், பீட்ரூட் சக்கையை அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ மறுநாள் சேர்த்துவிடலாம்.

பெட்டிச் சாறு இந்த வேலைக்கு ஆகாது. அடர்கரைசலில் (நீரை நீக்கிக் கெட்டியாக்கிய சாற்றில்) தண்ணீர் கலந்து தயாரிக்கும் சாறுகளின் பெட்டிகளிலிருந்து ‘100 சதவீதப் பழச்சாறு’ என்ற வாசகத்தை நீக்குமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூன் மாதத்தில் உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது நினைவிருக்கலாம்.

சுரைக்காய்ச் சாற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயத்துக்கு நல்லது, எடையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் வட இந்தியாவில் பெரிதும் பரவி, பிறகு இங்கும் வந்த பழக்கம் இது. சுரைக்காய், வெள்ளரி, பூசணி ஆகியவை அடங்கிய குடும்பத்துச் செடிகள் பூச்சிகளிடமிருந்து தப்பிக்கக் குக்கர்பிட்டசின் என்ற கடுங்கசப்புப் பொருளைச் சுரக்கின்றன. நாம் பயிரிடும் வகைகளில் இது மிகக் குறைவுதான். ஆயினும் சில காய்களில் அளவு மீறிவிடுவதுண்டு. அத்தகைய காயின் சாற்றைக் குடித்தவர்களுக்குக் கடும் வயிற்றுவலி, இரத்த வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்பட்டுள்ளன. 2010இல் டெல்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு சொன்ன அறிவுரை எளிமையானது: அரைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், வேறு சாறுடன் கலக்கக் கூடாது. பாகற்காய்ச் சாற்றுடன் கலந்துவிட்டால் கசப்பு எந்தக் காயினுடையது என்பதை நாக்கால் பிரித்தறிய முடியாமல் போய்விடும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. உடலுக்கு நல்லது என்பதால் கசந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடும் பழக்கம் இந்த ஓரிடத்தில் உயிரைக் கேட்கிறது.

பச்சைச் சாற்றில் வேகவைக்கும் கட்டம் இல்லை. எனவே தோலில் இருந்த கிருமி எல்லாம் டம்ளருக்குள் வந்துவிடும். அமெரிக்காவில் 1996இல் பாஸ்டராக்கம் (சூடாக்கிக் கிருமி நீக்குதல்) செய்யப்படாத ஆப்பிள் சாற்றிலிருந்து இ.கோலை கிருமி பரவி, அறுபதுக்கும் மேற்பட்டோர் நோயுற்று ஒரு குழந்தை இறந்த பிறகுதான், அத்தகைய சாறுகளின் மீது எச்சரிக்கை வாசகம் அச்சிடும் விதி அங்கே வந்தது. தோல் சீவப்போகிற காயாக இருந்தாலும் நறுக்குவதற்கு முன்பே ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியிலும் மூடியின் வாஷரிலும் பழைய அரைப்பின் மிச்சம் ஒளிந்திருக்கும், அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். அரைத்ததை உடனே குடித்துவிடுவது நல்லது. எடுத்துவைத்தே ஆக வேண்டுமானால் ஃபிரிட்ஜில் மூடிவைத்து அன்றைக்குள் முடித்துவிட வேண்டும். எலுமிச்சையும் ஆரஞ்சும் பல் எனாமலை அரிக்கும் அமிலம் நிறைந்தவை என்பதால், குடித்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளிப்பதும், உடனே பல் துலக்காமல் அரை மணி நேரமாவது பொறுப்பதும் வேண்டும். மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தால் பதற்றப்படுவதற்கு முன், நேற்று பீட்ரூட் குடித்தோமா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, குளிர்ந்த வியர்வை, நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் விரதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வாந்தி இல்லையென்றால் எதையாவது சாப்பிட வேண்டும். அரை மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். குடித்த சாறு கசந்திருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கும் காத்திருக்கக் கூடாது. எல்லாம் நலமாக முடிந்தால், மறுநாள் காலை பூரியும் வடையுமாகத் தொடங்காமல், இரண்டு இட்லியும் சாம்பாரும், அல்லது குழைய வேகவைத்த பாசிப்பருப்புப் பொங்கலும் கொஞ்சமாக உண்ணலாம். மதியத்திலிருந்து வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உப்பும் மாவுப்பொருளும் உள்ளே போனதும் கிளைகோஜன் மீண்டும் நிரம்பத் தொடங்கும், அதனுடன் தண்ணீரும் சேரும். குறைந்த அந்த ஒரு கிலோ இரண்டு மூன்று நாள்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். அதைக் கண்டு சலிப்படைந்து அடுத்த வாரமே இன்னொரு விரதத்தில் இறங்குபவர்கள், தண்ணீரின் எடையைத்தான் ஏற்றியும் இறக்கியும் கொண்டிருக்கிறார்கள்.